பட்டிப்பூச் சாறு

என் தங்கச்சியின் கழுத்தில் இருந்த கட்டியை முதலில் கண்டது அவளுடைய வாடிக்கையாளர் ஒருத்திதான். கொட்டாஞ்சேனையில் ஒரு ஒழுங்கைக்குள், தன் வீட்டின் முன்னறையில் அவள் அழகு நிலையம் நடத்தி வந்தாள். இரண்டு சாய்வு நாற்காலி, ஒரு பெரிய கண்ணாடி, தலை கழுவ ஒரு தொட்டி, அவ்வளவுதான். ஆனால் புருவம் திருத்துவதில் அவளுக்குப் பெயர் இருந்தது. பம்பலப்பிட்டியிலிருந்தெல்லாம் ஆட்கள் வருவார்கள். நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு, மிச்சத்தை இரண்டு கை விரல்களிலும் கோர்த்து அவள் முகத்தின் மேல் குனிந்தால் இரண்டு நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். அப்படிக் குனிந்திருந்தபோது படுத்திருந்த பெண் கண்ணைத் திறந்து, "மிஸ், உங்கட கழுத்தில என்ன வீங்கியிருக்கு?" என்று கேட்டிருக்கிறாள்.

தங்கச்சி அதைப் பெரிதாக எடுக்கவில்லை. பிறகு இரவில் வியர்க்கத் தொடங்கியது, உடம்பு மெலிந்தது. சோதனைகள் முடிந்து, நிணநீர்ச் சுரப்பியில் புற்றுநோய் என்று சொன்னபோது அவளுக்கு நாற்பத்திநாலு வயது. அவளுடைய கணவர் இறந்து எட்டு வருஷமாகியிருந்தது, பிள்ளைகள் இல்லை. நான் கலியாணம் செய்யாதவள். அதனால் நிலையத்தைப் பூட்டிவிட்டு, ஒரு சூட்கேசோடு வெள்ளவத்தையில் என் மாடி வீட்டுக்கு வந்து சேர்ந்தாள்.

நான் களனி ஆற்றுக்கு அந்தப் பக்கம் உள்ள ஒரு ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறேன். என் வேலையைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது. செடிகள் தங்களைக் காத்துக்கொள்ளச் சில கசப்பான பொருட்களைத் தயாரிக்கின்றன. அவற்றில் ஒரு வகைக்கு அல்கலொயிட்டு என்று பெயர். தேநீரில் இருக்கும் கஃபீனும் புகையிலையில் இருக்கும் நிக்கொட்டீனும் அந்த வகைதான். செடி அவற்றை ஒரே மூச்சில் செய்துவிடுவதில்லை. ஒரு பொருள் இன்னொன்றாக மாறி, அது வேறொன்றாக மாறி, பல படிகள் தாண்டித்தான் கடைசிப் பொருள் வருகிறது. ஒவ்வொரு படியிலும் ஒரு நொதியம் நின்று அந்த மாற்றத்தைச் செய்கிறது. நொதியம் பிடித்து மாற்றுகிற பொருளை நாங்கள் கீழ்ப்படை என்போம்.

நித்தியகல்யாணிச் செடியில் உள்ள ஒரேயொரு நொதியத்தோடு நான் பதினொரு வருஷம் கழித்திருக்கிறேன். எங்கள் வீட்டில் அந்தச் செடியைப் பட்டிப்பூ என்றுதான் சொல்வோம். சிங்களத்தில் அதன் பெயருக்குப் பிணப்பூ என்று பொருள். பொரளை மயானத்துக் கல்லறைகளுக்கிடையில் இளஞ்சிவப்பும் வெள்ளையுமாகத் தானாகவே பூத்துக் கிடக்கும். என் நொதியத்துக்குச் செடிக்குள் இரண்டு கீழ்ப்படைகள் உண்டு. இரண்டையும் பிடித்து ஒன்றாக ஒட்டிவிடுவதுதான் அதன் வேலை. அந்த ஒட்டலிலிருந்துதான் அந்தச் செடி நூற்றுக்கும் மேற்பட்ட அல்கலொயிட்டுகளைச் செய்துகொள்கிறது. இந்த இரண்டையும் தவிர, குடுவையில் வைத்து வேறு எதைக் கொடுத்தால் நொதியம் ஏற்கும், எதை மறுக்கும் என்று பார்ப்பது என் ஆராய்ச்சி. இதற்குள்ளேயே ஒரு மனுஷிக்கு வயதாகிவிடலாம்.

முதல் கிளினிக்கில் தங்கச்சிக்கு என்ன கொடுக்கப்போகிறார்கள் என்று டொக்டர் வாசித்தார். முஸ்லிம் பெண்மணி, என் வயதிருக்கும், நிதானமாகக் கதைப்பவர். நாலு மருந்துகளின் பெயர்களைச் சொன்னார். மூன்றாவது பெயர் வின்கிரிஸ்டின்.

அது என் செடியில் விளைவது. என் நொதியம் ஒட்டி வைக்கும் அந்தப் பொருளையும் தாண்டி, மொத்தம் முப்பதுக்குக் கிட்டிய படிகளின் முடிவில் வருவது. திரும்பி வரும்போது ஓட்டோவிலேயே தங்கச்சியிடம் சொன்னேன்.

"உனக்கு ஏத்தப்போற மருந்தில ஒண்டு பட்டிப்பூவில இருந்து வாறது. நம்மட பல்கனியில நிக்குதே, அதே செடி. அந்த இலைக்குள்ளதான் இருக்கு."

"உண்மையாவா?" என்றாள். நோய் என்று தெரிந்த பிறகு அன்றுதான் அவள் முகம் கொஞ்சம் தெளிந்தது. "அப்ப இவ்வளவு காலமும் எனக்குத்தான் வேலை செய்திருக்கிறீங்கள்."

நான் மறுக்கவில்லை. மறுக்க மனம் வரவில்லை. அதற்குப் பிறகு பார்க்க வருகிற ஆட்களிடமெல்லாம் அவள், "எங்கட அக்காட பூவில செய்யிற மருந்து" என்று சொன்னாள். அதையும் நான் திருத்தவில்லை.

முதல் இரண்டு தடவையும் மருந்து ஒழுங்காக ஏறியது. தலைமுடி கொட்டியது, வாய் புண்ணானது, ஆனால் கழுத்துக் கட்டி கையில் அகப்படாத அளவுக்குச் சுருங்கியது. மூன்றாவது தடவைக்கு நாங்கள் போன நாளில் டொக்டர் எங்களை உள்ளே கூப்பிட்டு இருத்தினார். நாடு முழுவதும் வரிசையில் நின்ற வருஷம் அது. பெற்றோலுக்கு வரிசை, காஸுக்கு வரிசை, பால்மாவுக்கு வரிசை. மருந்தும் அப்படித்தான் இருந்தது.

"வின்கிரிஸ்டின் இல்ல," என்றார். "மத்த மூணையும் இன்டைக்குத் தாறேன். அது வந்தவுடனே கோல் பண்ணுவாங்க. வெளியில பார்மசியிலயும் கேட்டுப் பாருங்க."

கேட்டுப் பார்த்தேன். கொழும்பில் எனக்குத் தெரிந்த எல்லா இடத்திலும் கேட்டேன். எங்கும் இல்லை. ஒரு கிழமை போனது, இரண்டாவது கிழமையும் போனது. கோல் வரவில்லை.

ஒரு மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது தங்கச்சி கேட்டாள்.

"அக்கா, உங்கட லாப்பில அதைச் செய்ய ஏலாதோ?"

"ஏலாது."

"செடி இருக்கு, மெஷின் இருக்கு, நீங்களும் பதினொரு வருஷமாச் செய்யிறீங்கள்."

"அது முப்பது படி. எனக்கு அதில ஒரு படிதான் தெரியும்," என்று சொல்லிவிட்டுச் சாப்பிட்ட கோப்பையை எடுத்துக்கொண்டு எழும்பிவிட்டேன். குழாயைத் திறந்துவிட்டு நிறைய நேரம் கோப்பையைக் கழுவினேன். கோபம் அவள் மேல் இல்லை. கேள்வி சரியாக இருந்தது, பதில் என்னிடம் இல்லை. அதுதான் கோபமாக வந்தது.

இன்னொன்றும் இருந்தது, அதை அவளிடம் நான் சொல்லவில்லை. எங்கள் ஆய்வுகூடத்துக் குளிர்ப்பெட்டியில் ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பி இருந்தது. சுத்தமான வின்கிரிஸ்டின். சில மில்லிகிராம். இலையிலிருந்து நாங்கள் பிரித்தெடுப்பதோடு ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக முன்பு எப்போதோ வெளிநாட்டிலிருந்து வாங்கியது. மனிதருக்குப் பாவிக்கக் கூடாது என்று அதன் சிட்டையிலேயே எழுதியிருக்கும். ஆனால் ஒருவருக்கு ஒரு தடவை ஏற்றும் அளவும் சில மில்லிகிராம்தான் என்று எனக்குத் தெரியும். அந்த இரண்டு கிழமைக்குள் மூன்று தடவை நான் குளிர்ப்பெட்டியைத் திறந்து அந்தக் குப்பியைக் கையில் எடுத்துப் பார்த்தேன். கிருமி நீக்காதது, திறந்து பாவித்தது, நரம்புக்குள் ஏற்றினால் ஆளைக் கொன்றாலும் கொல்லும். எல்லாம் தெரிந்துதான் எடுத்துப் பார்த்தேன். மூன்று தடவையும் திருப்பி வைத்தேன்.

அந்த நாட்களில்தான் பல்கனிச் செடிகளில் இலை குறையத் தொடங்கியது. ஆய்வுகூடத்தில் மிஞ்சிய நாற்றுகளை நாலு சாடிகளில் நட்டு வைத்திருந்தேன். ஒரு நாள் ஒரு சாடியில் கீழ் இலைகள் இல்லை. அடுத்த நாள் மற்றச் சாடியிலும் இல்லை. மசுக்குட்டிப் புழு தின்கிறது என்று நினைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடிவிட்டேன். இப்போதும் என்னை உறுத்துவது அதுதான். ஆடு மாடு கூட வாய் வைக்காத செடி அது. வாய் வைக்க விடாமல் வைத்திருப்பது எது என்று பதினொரு வருஷம் படித்தவள் நான். அப்படியிருந்தும் மசுக்குட்டி என்று நினைத்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குப் பக்கத்து வீட்டுக்காரி ஆய்வுகூடத்துக்குக் கோல் எடுத்தாள். தங்கச்சி குளியலறை வாசலில் விழுந்து கிடக்கிறாள், பேச்சு இல்லை, உடம்பெல்லாம் வியர்வை என்றாள். நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது சேலைன் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். இரத்தத்தில் சீனி பயங்கரமாக இறங்கியிருந்தது. வெள்ளை அணுக்களும் எதிர்பார்த்ததை விடக் குறைவு. விழித்துக்கொண்டதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தாள்.

"நாட்டு மருந்து ஏதாவது எடுத்தீங்களா?" என்று டொக்டர் அவளிடம் கேட்டார். "ஒளிக்க வேணாம், சொல்லுங்க."

தங்கச்சி இல்லையென்று தலையை ஆட்டினாள். டொக்டர் என்னைப் பார்த்தார். நானும் இல்லை என்றேன்.

மாற்றுடுப்பு எடுக்க வீட்டுக்கு வந்தேன். குசினியில் பிளெண்டர் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது. மூடியைத் திருப்பிப் பார்த்தேன். ரப்பர் வளையத்துக்குள் பச்சையாகக் காய்ந்து ஒட்டியிருந்தது. குப்பை வாளிக்குள் ஒரு பொலித்தீன் பை, அதற்குள் பிழிந்த சக்கை. மணந்து பார்க்கத் தேவையே இருக்கவில்லை. ஆனாலும் மணந்தேன். ஆய்வுகூடத்தில் தினமும் என் கையில் இருக்கும் அதே மணம்.

திரும்பிப் போய் அவளுடைய கட்டிலோரத்தில் இருந்தேன்.

"பல்கனியில இருந்த இலையை நீயோ பிடுங்கினனீ?"

அவள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். "ஓம்."

"எத்தினை நாளா?"

"பத்துப் பன்ரெண்டு நாள் இருக்கும். காலமை நீங்க போன பிறகு. ஒரு கைப்பிடி. காஸ் இல்லைத்தானே, அவிக்க ஏலாது. அரைச்சு வடிச்சுக் குடிச்சனான். சரியான கைப்பு அக்கா. மூக்கைப் பொத்திக்கொண்டுதான் குடிச்சனான்."

"ஏன் என்னட்டை ஒரு வார்த்தை கேக்கேல்லை?"

"கேட்டனான்தானே." அவள் குரல் உயரவில்லை. "லாப்பில செய்ய ஏலாதோ எண்டு கேட்டனான். நீங்க ஏதோ முப்பது படி எண்டு சொல்லிப்போட்டு எழும்பிப் போயிட்டீங்கள். இலைக்குள்ளதான் இருக்கு எண்டு சொன்னதும் நீங்கதான்."

எழும்பிப் போய் டொக்டரிடம் சொன்னேன். அவர் ஏசவில்லை. பேனையைக் கீழே வைத்துவிட்டு, "அந்தச் சாத்துல என்னென்ன இருக்கும்? எவ்வளவு இருக்கும்?" என்று கேட்டார். "நீங்கதானே அதுல வேல செய்யிறீங்க. எனக்குத் தெரியணும்."

பொதுவாக என்ன இருக்கும் என்று சொல்ல முடிந்தது. எவ்வளவு என்று சொல்ல முடியவில்லை. சீனி இறங்கியதற்கு அந்த இலை ஒரு காரணமாக இருக்கலாம் என்றேன். அணுக்கள் குறைந்ததும் அதனாலா, ஏற்றிய மருந்துகளாலா என்று அவராலும் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

அடுத்த நாள் அந்தச் சக்கையோடு ஆய்வுகூடத்துக்குப் போனேன். போதாததற்கு, அவள் செய்தபடியே ஒரு கைப்பிடி இலையை அரைத்து வடித்தும் எடுத்தேன். கலந்திருக்கும் பொருட்களைத் தனித்தனியாகப் பிரித்துக் காட்டும் இயந்திரம் ஒன்று எங்களிடம் உண்டு. ஒவ்வொரு பொருளும் திரையில் ஒரு கோட்டின் மேல் ஒரு மேடாக வரும். எந்த மேடு எதனுடையது என்று தெரிய, சுத்தமான பொருளையும் ஒரு தடவை ஓட்ட வேண்டும். குளிர்ப்பெட்டியைத் திறந்து அந்தக் குப்பியை நாலாவது தடவையாக எடுத்தேன். ஊசி முனையளவு எடுத்துக் கரைத்தேன். அதை எடுக்க எனக்கு அன்று ஒரு நியாயமான காரணம் இருந்தது.

சாற்றில் மேடுகள் நெருக்கமாக வந்தன. தெரிந்தவையும் தெரியாதவையுமாக எத்தனையோ. சுத்தமான வின்கிரிஸ்டினுக்கு மேடு வந்த அதே இடத்தில் சாற்றுக்குக் கோடு தட்டையாகக் கிடந்தது. இலையில் அந்த மருந்து இருப்பது உண்மை. ஆனால் ஒரு சிட்டிகை மருந்துக்கு லொறிக் கணக்கில் காய்ந்த இலை வேண்டும். ஒரு கைப்பிடியில் இருப்பதை என் இயந்திரத்தாலேயே காண முடியவில்லை. பன்னிரண்டு நாளும் அவள் குடித்தது மற்ற எல்லாவற்றையும்தான்.

அந்தக் கோட்டை இரண்டு கடதாசியில் அச்செடுத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். ஒன்றை டொக்டருக்குக் கொடுத்தேன். மற்றதைத் தங்கச்சியின் மடியில் விரித்தேன். இந்தத் தடவை எழும்பிப் போகவில்லை. செடிக்குள் பொருட்கள் ஒரே இடத்தில் கிடப்பதில்லை என்று சொன்னேன். ஒன்று இலையின் மேல் தோலில், இன்னொன்று உள்ளே வேறு அறையில். கடைசியில் சேர்ந்து மருந்தாக வேண்டிய இரண்டும் பெரும்பாலும் ஒன்றையொன்று சந்திப்பதே இல்லை, அதனால்தான் மருந்து அவ்வளவு குறைவு. அதே போல் என் நொதியம் ஒட்டி வைக்கும் பொருளும் அதை உடைக்கும் இன்னொரு நொதியமும் வெவ்வேறு அறைகளில் இருக்கின்றன. பூச்சி கடித்தாலோ நாம் அரைத்தாலோ சுவர்கள் உடைந்து இரண்டும் கலந்து, பூச்சியைக் கெடுக்கும் நஞ்சாகிவிடுகின்றன.

அவள் கவனமாகக் கேட்டாள். "அப்ப உங்கட ஆளுக்கு ரெண்டு பேரைச் சேத்து வைக்கிற வேலை. கலியாணப் புரோக்கர்."

"ஓம்."

"சேத்து வைச்ச பிறகு அவை எப்பிடி இருக்கினம் எண்டு அவருக்குத் தெரியாது."

"அவருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது. அதுக்குப் பிறகு வாற படியெல்லாம் வேற ஆக்கள் படிச்சது."

"இதை நீங்க அண்டைக்கே இப்பிடிச் சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருக்க வேணும்," என்றேன்.

பிறகு குளிர்ப்பெட்டியில் இருந்த குப்பியைப் பற்றியும் சொன்னேன். சொல்லாமல் விட்டால் ஒரு பக்கத்துக் களவு மட்டும் வெளியே வந்ததாக இருக்கும் என்று தோன்றியது. அவள் தன் மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"தெரிஞ்சிருந்தா நான் கேட்டிருப்பன்," என்றாள். "அழுதாவது கேட்டிருப்பன். நீங்களும் கொண்டுவந்திருப்பீங்கள்."

அது உண்மையாகவும் இருந்திருக்கலாம்.

பத்து நாள் கழித்து ஆஸ்பத்திரிக்கு மருந்து வந்தது. அணுக்கள் கூடும்வரை காத்திருந்து, மிச்சத் தடவைகளையும் கொடுக்கத் தொடங்கினார்கள். நான் பல்கனிச் செடிகளைப் பிடுங்கவில்லை. அவளே தினமும் தண்ணீர் ஊற்றினாள்.

ஐந்தாவது தடவைக்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைப் பிடித்துக் கதிரையில் இருத்தினாள். "உங்கட புருவம் காடு மாதிரி. எனக்கும் கை பழகோணும்." நூலைப் பல்லில் கடித்து விரல்களில் கோர்த்தாள். நூல் நழுவியது. மறுபடி கோர்த்தாள். மறுபடியும் நழுவி, என் கண்ணிமையைக் கீறியது. அவள் நூலைக் கீழே போட்டுவிட்டுத் தன் விரல் நுனிகளை ஒன்றோடொன்று உரசிப் பார்த்தாள்.

"நூல் இருக்கிறதே தெரியேல்லை அக்கா. கையுறை போட்ட மாதிரி இருக்கு. ஒரு மாசமா இப்பிடித்தான்." பிறகு கேட்டாள். "அந்த ஊசியாலயோ?"

நாலு மருந்தில் எது என்று நான் தெரியாதவள் போல் இருந்திருக்கலாம். ஆனால் இனி அவளிடம் எதையும் பாதியில் விடுவதில்லை என்று எனக்குள் முடிவெடுத்திருந்தேன்.

"ஓம். பட்டிப்பூ மருந்துதான். புற்று வளரவிடாமப் பிடிக்கிற அதே வேலையை நரம்பிலயும் கொஞ்சம் செய்யும். கனபேருக்குத் திரும்பி வரும். முழுக்க வரும் எண்டு சொல்ல ஏலாது."

அன்றுதான் அவள் அழுதாள். நோய் என்று சொன்ன நாளில் கூட அவள் அழவில்லை. நான் அவளுடைய கைகளைப் பிடித்துக்கொண்டேன். நான் பிடித்திருப்பது அவளுக்கு எவ்வளவு தெரிந்தது என்று எனக்குத் தெரியாது. டொக்டரிடம் சொன்னோம். கடைசி ஊசியின் அளவைக் குறைத்தார்.

ஸ்கேனில் கட்டி இல்லை என்று வந்து இப்போது இரண்டரை வருஷமாகிறது. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை காட்டப் போகிறோம். விரல்களில் உணர்வு பாதிக்கு மேல் திரும்பியிருக்கிறது. நூல் பிடிக்கும் அளவுக்கு வரவில்லை. ஒரு வருஷம் என்னோடு இருந்துவிட்டுக் கொட்டாஞ்சேனைக்குத் திரும்பிப் போனாள். புருவம் திருத்தும் நாற்காலியை ஜிந்துப்பிட்டியிலிருந்து வரும் ஒரு கூட்டாளிப் பெண்ணிடம் விட்டிருக்கிறாள். தலை கழுவுவது, முடி வெட்டுவது, மணப்பெண் அலங்காரம், இவை அவளுடையது.

நிலையத்தை மறுபடி திறந்த நாளில் நான் முதல் ஆளாகப் போய்த் தொட்டியில் தலையைச் சாய்த்துப் படுத்தேன். அவள் குழாயைத் திறந்து, தண்ணீரைக் கையில் பிடித்துப் பார்த்துவிட்டு, சற்றுத் தயங்கி என் நெற்றியோரம் ஊற்றினாள்.

"சூடு காணுமோ, கூடவோ? எனக்குச் சரியாத் தெரியாது. நீங்கதான் சொல்ல வேணும்."

"சூடு கொஞ்சம் கூடிப்போச்சு."

குழாயைத் திருப்பினாள். "இப்ப?"

"இப்ப சரி," என்றேன். அவள் சாம்பூவை உள்ளங்கையில் விட்டுக்கொண்டு, என் தலையைத் தேய்க்கத் தொடங்கினாள்.